நாலு தோட்டத்து டயர்

மேக்கணக்குத் தோட்டத்து மண்பாதை முடிந்து சக்கரம் தார் ரோட்டைத் தொட்டதும் அது மறுபடி தொடங்கிவிட்டது. முதலில் பாதத்துக்கடியில் ஒரு நடுக்கம். பிறகு அந்த நடுக்கம் முழங்காலுக்கு ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மணிக்கட்டுக்கு வந்து, அங்கிருந்து ஒரு குரலாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு அழுகிறவளின் குரலைப் போல, ம்ம்ம் என்று, ஏறாமலும் இறங்காமலும். வீரபத்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நாற்பது வருஷமாக மேடை ஏறிப் பேசிய மனுஷன். பேசித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. மணி ஏழே முக்கால். ஒன்பதரைக்குள் டவுன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பின் சீட்டில் மனைவி செங்கமலம் மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நேற்றிலிருந்து அவள் படுக்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் சனியும், அவள் இரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். போன சனிக்கிழமை மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்ததில் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். ஒருமுறை தவறினால் சமாளிக்கலாம், அடுத்ததும் தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று தாதி முன்பே எச்சரித்திருந்தாள். அதை அவர் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த அட்டையைப் பார்த்துச் சொன்னாள். ஒன்பதரைக்கு ஆள் வராவிட்டால் மெஷின் அடுத்தவருக்கு. நியாயம்தான். அந்த அடுத்தவரும் எங்கேயோ தேயிலைக் கொழுந்து பறித்துத் தேய்ந்த ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த நியாயத்தை நினைத்தபோது அவருக்கு வாய் கசந்தது. காலையில் அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டபோது கணுக்காலில் அவருடைய கட்டைவிரல் பதிந்த குழி, அவர் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு முடித்த பிறகும் அப்படியே இருந்தது. மண்சரிவுக்குப் பிறகு இந்த ரோட்டில் பஸ் ஏறவில்லை. ஆட்டோக்காரன் மேக்கணக்கு என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற இந்தக் கிழட்டு வேன் ஒன்றுதான் அங்கே ஏறி இறங்கும். இருபத்தெட்டு வயசு வண்டி. இப்போது அது அழுகிறது.

பதறாதே, ஒழுங்காக யோசி என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பள்ளிக்கூடம் அவருக்கு மூன்றாம் வகுப்போடு சரி. மற்றப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம்தான். எழுத்துக் கூட்டி முதலில் வாசித்ததே வேலைநிறுத்த நோட்டீஸ். துண்டுப் பிரசுரத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு: நிலைமை என்ன, காரணம் யார், செய்ய வேண்டியது என்ன. நிலைமை தெரிகிறது, சத்தமும் நடுக்கமும். காரணம் யார்? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். சத்தம் கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை. இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கி முனகிற்று. ம்ம்ம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரி, எஞ்சினில் குற்றமில்லை. சக்கரத்து பேரிங்காக இருக்குமோ? பேரிங் என்றால் ஒரு பக்கம் ஒடிக்கும்போது சத்தம் கூடும், மறுபக்கம் ஒடிக்கும்போது குறையும். டவுனில் கராஜ் வைத்திருக்கும் ஜௌபர் நாநா எப்போதோ சொன்னது. இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் ஒடித்தார். ஏன் இப்படி ஆட்டுகிறீர்கள் என்று செங்கமலம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். குழி என்றார். ரோட்டில் குழியே இல்லை. சத்தமும் மாறவில்லை. பேரிங்காக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், பேரிங் இன்னும் ஐம்பது மைலுக்கு அழுதுகொண்டே ஓடும். இப்படி ஒவ்வொருவராக விசாரித்து ஒதுக்குவது அவருக்குப் புதிதில்லை. எண்பத்து நான்கில் தொழிற்சங்கத்து இரகசியத்தை பொலிசுக்குச் சொன்னவன் யார் என்று ஏழு பேரைத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் உட்காரவைத்து இப்படித்தான் ஒவ்வொருவராகக் கழித்தார். கடைசியில் மிஞ்சியவன் சோலையப்பன். அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, நெருப்பு கொடுக்கக்கூடாது என்று முடிவாயிற்று. ஒரு மாதத்தில் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டுப் போனான். சொன்னது அவன் இல்லை என்று தெரிந்தபோது மூன்று வருஷம் ஆகியிருந்தது. யாரும் அதைப் பேசுவதில்லை. அவரும் பேசியதில்லை. கணக்கு சரியாகத்தான் போட்டார், ஆள்தான் மாறிப்போயிற்று. இப்போதும் அப்படி மாறிவிட்டால்? இல்லாத குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நட்டைக் கழற்றிக்கொண்டிருக்க, பின் சீட்டில் அவள் மூச்சு... அவர் கண்ணாடியில் பார்த்தார். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மேலும் கீழும், மேலும் கீழும், ஏதோ மூட்டை சுமப்பதைப் போலத் தோள் ஏறி இறங்கியது. எட்டு மணிக்கு ஏழு நிமிஷம்.

ஒருவேளை சத்தம் வண்டியிலேயே இல்லையோ என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் அவருக்கு ஒரு நிம்மதியும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் இடது காதில் அவருக்கு ஏற்கனவே ஒரு சத்தம் உண்டு. அதே எண்பத்து நான்கில் பொலிஸ் ஸ்டேஷனில் ஒரு சார்ஜன் உள்ளங்கையைக் குழித்துக் காதோடு சேர்த்து அடித்தான். கோபமே இல்லாமல், கதவைச் சாத்துகிறவன் மாதிரி அடித்தான். அன்றிலிருந்து உள்ளே ஒரு வண்டு. கூட்டம் நடக்கும்போது தெரியாது, கைதட்டல் அதை மூடிவிடும். கூட்டம் குறையக் குறைய வண்டு பெரிதாயிற்று. இப்போதெல்லாம் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், அதில் நாலு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூட நின்றவர்களெல்லாம் கொழும்புக்குப் போய்க் கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டிகளில் திரும்பி வந்தார்கள்; கண்ணாடியை இறக்கி, என்ன தோழர் சுகமா என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் போகவில்லை. கூப்பிடவில்லை என்பதும் உண்மை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டார் என்பதும் உண்மை. எது முதல் உண்மை என்பதை அவர் தோண்டிப் பார்த்ததில்லை. இடது உள்ளங்கையால் காதைப் பொத்தினார். வண்டு மாறவில்லை. ஆனால் பாதம் நடுங்கிக்கொண்டிருந்தது. காதைப் பொத்தலாம், பாதத்தை என்ன செய்வது? கடைசியில், வெட்கத்தை விட்டு, உனக்கு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று செங்கமலத்திடம் கேட்டார். அவள் பதில் சொல்ல நேரம் பிடித்தது. பேசுவதற்கு வேண்டிய காற்றை முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சனிக்கெழம சேத்துல இருந்து திரும்பி வந்தோமே, அன்னைக்கே கேட்டுச்சு" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியத் திட்டுவீங்க. இல்லாட்டி என்னையத் திட்டுவீங்க. ரெண்டு பேருக்குமே ஒடம்புல தெம்பு இல்ல."

அவர் சிரித்திருக்க வேண்டும். மனம் அவள் சொன்ன நாளைத்தான் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை, சேறு. சனிக்கிழமை சேற்றில்தான் அவர் நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கிற சின்ன லீவரைப் போட்டார். போட்ட லீவரைத் தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்கப் பார்த்தார், வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார். ஞாயிறும் வரவில்லை, திங்களும் வரவில்லை. அப்போது கொண்டையூசி வளைவு வந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது, இறக்கத்திலேயே, வண்டி தயங்கி நின்று, யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதைப் போல வெடுக்கென்று ஒரு உதறு உதறிவிட்டுத் திரும்பியது. டயர் தார் மேல் கிறீச்சிட்டது. வளைவு முடிந்ததும் ம்ம்ம் முன்னைவிடக் கனத்துத் தொடங்கியது. தெரிந்துவிட்டது. இல்லை, தெரிந்துவிட்டது என்று சொல்வது பொய். டயர்கள் பூட்டிய நாளிலிருந்தே, இரண்டு வாரமாகவே தெரியும். டயர்.

டயரை நினைக்கக்கூடாது என்று மனம் எவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறது, எஞ்சினுக்குப் போய், பேரிங்குக்குப் போய், காதுக்குள் எல்லாம் போய். இந்த வண்டியை வெள்ளத்துக்கு வந்த நிவாரணக்காரர்கள் போகும்போது விட்டுவிட்டுப் போனார்கள். மேக்கணக்கு, நடுக்கணக்கு, கல்லுமலை, மூங்கில்கும்பி என்று நாலு தோட்டத்துச் சனமும் சேர்ந்து வைத்துப் பராமரிக்கிறது. நோயாளியும் பிணமும் பிள்ளைத்தாய்ச்சியும் இதில்தான். பழைய டயர்கள் மொட்டையாகிப் போனபோது தோட்டத்துக்கு ஒரு டயர் என்று முடிவாயிற்று. நாலும் வந்தன. கல்லுமலை டயர் கடையில் வாங்கிய புதுசு. மூங்கில்கும்பியார் யாரோ மச்சான் முறைக்காரன் லொறி கராஜிலிருந்து கொண்டுவந்தது கொஞ்சம் உயரம். நடுக்கணக்கு டயர் வேறு கம்பனி, மேக்கணக்கு டயர் பாதி தேய்ந்தது. நாலுக்கும் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஜௌபர் நாநா நாலையும் நிமிர்த்தி வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். உயரம் ஒத்துப்போகிற இரண்டை மட்டும் பின்னால் போடுங்கள், முன்னுக்குப் பழையதில் நல்லதாக இரண்டு தேடித் தருகிறேன், மற்ற இரண்டையும் ஸ்பேராக வையுங்கள் என்றார். "தோழர், நாலு காலும் நாலு ஒசரம்னா மாடே நொண்டும். நீங்க நாலையும் ஒரே நுகத்துல வேற பூட்டுறீங்க." அது விளங்காமல் இல்லை. ஆனால் எந்தத் தோட்டத்து டயரை முதுகில் தொங்கப் போடுவது? ஒரு நோட்டீஸில் எந்தக் கிளையின் பெயர் முதலில் வருவது என்பதற்காகச் சங்கம் இரண்டாக உடைந்ததை அவர் பார்த்திருக்கிறார். மூங்கில்கும்பி டயர் ஓடவில்லை, தொங்குகிறது என்றால் அடுத்த மாசமே மூங்கில்கும்பி வேறு கொடிக்குப் போகும். நடுக்கணக்குக் குப்பாண்டிக் கிழவன் கூட்டத்திலிருந்து எழுந்து, நாலு பொண்டாட்டிக்காரன் நாலு வீட்டிலயும் ஒரு வாய் தின்னுதான் ஆகணும் என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்து நின்றார். நாலு தோட்டமும் சமம், நாலு டயரும் ஓடும் என்றார். கைதட்டல். வெகுநாளைக்குப் பிறகு வந்த, வண்டை மூடுகிற அளவுக்கான கைதட்டல். அதன் போதையில்தான் ஜௌபர் நாநாவைத் திரும்பிப் பார்த்து, உனக்கு டயர்க் கடையில் கமிஷன் எவ்வளவு என்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்டது. நாநா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஒங்க வண்டி தோழர் என்று மட்டும் சொல்லிவிட்டு நாலையும் பூட்டினார். சேற்றிலும் மண்ணிலும் டயர் வழுக்கிக்கொடுக்கும், சத்தம் வராது. தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. உயரமான சக்கரம் ஒரு வேகம் கேட்கிறது, குட்டையான சக்கரம் ஒரு வேகம் கேட்கிறது, இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பெட்டி நடுவில் நின்று முறுக்கேறி முறுக்கேறி அழுகிறது. சமம் என்று சொன்னது அவர். அளந்து பார்க்காமல் சொன்னது அவர்.

எட்டேகால். பதினொரு மைல் இருக்கிறது. எண்ணெய் கருகும் வாசனை வரத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தால் ஓடிவிடுமா? ஓடலாம். ஓடாமலும் போகலாம். நிறுத்தினால் சரிசெய்யலாம். நிறுத்தினால் மறுபடி கிளம்பாமலும் போகலாம். இந்த நாலு வாக்கியத்தையும் அவர் மனம் மாலை கோப்பதைப் போலச் சுற்றிச் சுற்றி எடுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வளைவு போயிற்று, ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒருமுறை உதறிற்று, ஒவ்வொரு உதறலுக்கும் செங்கமலத்தின் தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாலத்துக்கு முந்திய சமதரையில் நிறுத்தினார். பூட்டி முடிந்து கிளம்புகிற நேரத்தில், அவ்வளவு அவமானப்பட்ட பிறகும், நாநா ஜன்னலோரம் வந்து சொன்னது நினைவிருந்தது: பெட்டி இறுகிக்கொண்டால் நேராகப் பின்னால் எடுங்கள், இருபது அடி, முறுக்கு இறங்கிவிடும், பிறகு லீவரை மெதுவாக எடுங்கள், பலவந்தம் வேண்டாம். பின்னால் எடுத்தார். அடியில் எங்கோ டொக்கென்று ஒன்று தளர்ந்தது. லீவரைப் பிடித்தார். அரை விரல் வந்தது. உயிர் வந்ததைப் போல இருந்தது. இன்னொருமுறை பின்னால் எடுத்தார். இன்னும் கால் விரல். மூன்றாவது முறை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது முறை எடுத்திருந்தால், என்று பிறகு எத்தனை தடவை நினைத்தாலும் அந்த மூன்றாவது முறை வராது. பின்னால் அவள் இருமினாள். ஈரமான இருமல், உள்ளே தண்ணீர் அலம்புகிற இருமல். அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் லீவரைப் பிடித்து, காலை டேஷ்போர்டில் உதைத்து, பேச்சுவார்த்தை தோற்ற அன்றெல்லாம் எந்த வலு வருமோ அந்த வலுவோடு இழுத்தார். காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. லீவர், உள்ளே எதிலும் பிடிப்பில்லாமல், கையோடு தொளதொளவென்று வந்தது. முதல் கியரைப் போட்டுக் கால் கொடுத்தார். எஞ்சின் கத்தியது. வண்டி இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாம் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல். எஞ்சின் கத்தக் கத்த நாலு சக்கரமும் சும்மா நின்றன. அணைத்தார். ம்ம்ம் நின்றுபோயிருந்தது. கீழே ஆறு ஓடுவது இப்போதுதான் கேட்டது. போனை எடுத்தார், அந்தப் பள்ளத்தில் என்றைக்கும் சிக்னல் கிடையாது, இருந்தாலும் எடுத்தார், உயர்த்திப் பிடித்தார், இறங்கி நாலு பக்கமும் நடந்து பார்த்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது செங்கமலத்தின் உதடு வெளிறிய நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒடஞ்சிருச்சா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் தலையை ஆட்டினாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது என்று கேள்விப்பட்டவளைப் போல.

மேலே வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. தோட்டத்து டபள் கெப் பிக்கப், வெள்ளை நிறம். வந்து ஆறு மாசமான புதுத் துரை, தோட்டத்து மேனேஜர், காரியாலயத்துக்குப் போகிற நேரம். வீரபத்திரன் ரோட்டின் நடுவுக்குப் போனார். கால்கள் தாமாக அகன்றன, வலது கை தானாக உயர்ந்தது. ஒரு வண்டியை நிறுத்த அவருடைய உடம்புக்குத் தெரிந்த ஒரே விதம் அதுதான். கொழுந்து லொறிகளை, பொலிஸ் ஜீப்பை, ஒருமுறை மந்திரியின் காரை இப்படித்தான் நின்று மறித்திருக்கிறார். டபள் கெப் நூறு கஜ தூரத்தில் நின்றது. அவரை எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் துரை டிரைவரிடம் என்னவோ சொல்வது தெரிந்தது. டிரைவர் ரோட்டையும் கரையையும் புதரையும், மற்ற ஆட்கள் எங்கே மறைந்திருக்கிறார்கள் என்று தேடுவதும் தெரிந்தது. பின்னால் எடுத்ததில் சாய்ந்து, வேன் ரோட்டுக்குக் குறுக்கே அரையாக நின்றது. அவருக்கே விளங்கியது, அது அவர்களுக்கு மறியலாகத்தான் தெரியும் என்று. அவர்கள் வண்டிக்குப் பின்னால் ரிவர்ஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சம் கரையில் பட்டது. டபள் கெப் ஏற்றத்தில் பின்பக்கமாகப் போகத் தொடங்கியது. அவர் ஓடினார். அறுபத்தேழு வயசுக் கால் ஓடிற்று. நில்லு என்று கத்தினார். அந்தக் குரலுக்கு வேறு தொனி வரவில்லை, மேடையில் ஏறிய தொனிதான் வந்தது. அதைக் கேட்டு வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று. ஆஸ்பத்திரி என்று கத்தினார், சம்சாரம் என்று கத்தினார், மூச்சு வாங்கியதில் அது என்ன சொல்லாக அங்கே போய்ச் சேர்ந்ததோ. அவர் நின்றார். ஓடினால் பயப்படுவார்கள். கத்தினால் பயப்படுவார்கள். உதவி என்று கேட்பதற்கு ஒரு உடம்பு வேண்டும், அது அவரிடம் இல்லை. அவருடைய அப்பாவிடம் இருந்தது. துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டாலே அப்பாவின் கை இரண்டும் சேர்ந்துவிடும், மண்வெட்டி தானாகக் கீழே விழும். இருபத்திரண்டு வயசில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டர் களத்தில் எல்லாருக்கும் முன்னால் அந்தக் கைகளை அவர் தட்டிப் பிரித்தார். அப்பா அதன் பிறகு அவரோடு பேசவில்லை, சாகும்வரை. அந்தக் கைகள் எப்படி இருந்தன? கட்டைவிரல் உள்ளேயா, வெளியேயா? நெஞ்சுக்கா, நெற்றிக்கா? அவருடைய கைகள் ஒன்றையொன்று தேடின. முதலில் வயிற்றுக்கு முன்னால் சேர்ந்தன, சரியில்லை, நெஞ்சுக்கு ஏறின, அதுவும் அங்கிருந்து தெரியாது என்று தலைக்கு மேல் ஏறின. ரோட்டின் நடுவில் அப்படியே நின்றார். பின்னால் வேனுக்குள் இருமல் கேட்டது. கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கரையில் பட்ட வெள்ளை வெளிச்சம் அணைந்தது. டபள் கெப் நின்று, கொஞ்ச நேரம் யோசித்து, மெதுவாக இறங்கி வந்தது. அவருக்கு முன்னால் பத்தடியில் வந்து நின்று, கண்ணாடி இறங்கி, என்ன என்று துரை கேட்ட பிறகும் கைகள் தலைக்கு மேலேயே இருந்தன. எப்போது இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.